அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஓர் இளம் இயற்கை ஆர்வலரைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். வீட்டைச் சுற்றியுள்ள பூச்சியையும் பறவையையும் அணிலையும் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை பொழுதைப் போக்குகிறது என்பதே நல்ல செய்தி. அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. குறை ஒன்று உண்டு. புகைப்படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. கேமரா எது, லென்ஸ் எது, எந்தப் போட்டியில் என்ன பரிசு என்பதெல்லாம் விலாவாரியாக வந்திருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும், "நோட்டில் படம் வரைந்து குறிப்பும் எழுதுகிறார்" என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்த நோட்டின் ஒரு பக்கத்தைக்கூட நீங்கள் அச்சிடவில்லை.

விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பிள்ளை உண்மையில் பார்த்திருக்கிறது, எது புத்தகத்திலிருந்து ஒப்பிக்கிறது என்பது அது வரைந்த படத்தில் தெரிந்துவிடும். வண்ணத்துப்பூச்சி வரையச் சொன்னால் எல்லோரும் ஆறு கால் போடுவார்கள். பூச்சி என்றால் ஆறு கால் என்பது பாடம். செடியில் உட்கார்ந்திருக்கும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து வரைகிற பிள்ளை மட்டும் பாதியில் பென்சிலை நிறுத்தி, "டீச்சர், இதற்கு நாலு கால்தான் இருக்கிறது" என்று சொல்லும். அந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு முன்கால் இரண்டும் சிறுத்துப்போய் மார்போடு மடிந்து கிடக்கும், நடக்க உதவாது. அதற்காக வீண் என்று சொல்லிவிட முடியாது. முட்டையிட வரும் பெண் பூச்சி அந்தக் குட்டைக் கால்களால் இலையைத் தட்டிப் பார்த்துத்தான், புழு தின்னக்கூடிய செடிதானா என்று சுவை அறிகிறது. இவ்வளவும் ஒரு காலை எங்கே போடுவது என்று திண்டாடியதில் திறந்த கதவு. புகைப்படத்திலும் நாலு கால்தான் விழுந்திருக்கும். ஆனால் படம் எடுத்தவர் கால்களை எண்ண வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பறவையை வரைபவர்கள் முதலில் தடுமாறுவதும் காலில்தான். முழங்கால் பின்பக்கமாக மடிகிறதே என்று குழம்புவார்கள். வெளியே தெரியும் அந்த மூட்டு முழங்காலே இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே சிறகுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. கொக்கையும் நாரையையும் பறக்கும்போது கோட்டோவியமாக இழுத்துப் பார்த்தவர் அவற்றைப் பிறகு மாற்றிச் சொல்லமாட்டார்: கொக்கு கழுத்தை மடக்கி வைத்துக்கொண்டு பறக்கும், நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். சுவரில் இருக்கும் பல்லியையும் வேலியில் இருக்கும் ஓணானையும் அடுத்தடுத்த பக்கங்களில் வரைந்து பாருங்கள். ஓணான் கண்ணை மூடித் திறக்கும். பல்லிக்கு மூடுவதற்கு இமையே கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து லென்ஸ் வாங்க வேண்டியதில்லை.

கேமரா வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேன்சிட்டு பூவின் முன் சிறகடித்து நிற்கும் கணத்தை எந்தப் பென்சிலாலும் பிடிக்க முடியாது. எடுத்த தேதியும் நேரமும் படத்துடனேயே பதிவாகிவிடுகின்றன, ஒரு சாட்சிக்கு அதைவிட என்ன வேண்டும்? 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, பார்த்த உயிர்களைப் பதியும் இணையதளங்களில் பிள்ளைகள் பதிவேற்றும் படங்களை ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற வேண்டுமானால் படமோ ஒலிப்பதிவோ இருக்க வேண்டும், தேதியும் இடமும் இருக்க வேண்டும், இன்ன இனம் என்று பிறரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அழகுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. நீலன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறகு விரித்த படம் கண்ணைப் பறிக்கும். இனம் பிரிக்கப் பெரும்பாலும் தேவைப்படுவது மூடிய சிறகின் அடிப்புறத்தில் இருக்கும் புள்ளியும் கோடும். நோட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரிந்திருக்கும், பூச்சி சிறகை மூடும் வரை காத்திருக்கும். மற்றவர்கள் விரித்த சிறகைக் கண்டதும் பத்து முறை க்ளிக் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

என் உண்மையான வருத்தம் இன்னொன்று. நீங்கள் வெளியிட்ட படங்களில் இரண்டு, கூட்டுக்குள் வாய் பிளந்து கிடக்கும் குஞ்சுகளின் படங்கள். அந்தப் பிள்ளை தொலைவிலிருந்து பக்குவமாகவே எடுத்திருக்கலாம். அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாளை கூடு தேடிக் கிளம்பப்போகும் நூறு பேருக்கு அந்தப் பக்குவம் இருக்குமா? குறுக்கே இருக்கும் கிளையை ஒடித்தால்தான் படம் துலங்கும். ஒடித்த அன்றே வெயிலும் காகமும் கூட்டுக்குள் வந்துவிடும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு தாய்ப்பறவை கூட்டைக் கைவிடுவதும் உண்டு. பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்று அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துவிட்டு "இயற்கைச் சூழலில்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பறவையின் குரலைச் செல்போனில் ஓடவிட்டு வரவழைப்பதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

பெரியவர்களே பரிசுக்காக எங்கே போய் நிற்கிறார்கள் என்பதற்கு உலகறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009இல் வேலி தாண்டும் ஓநாயின் படம் முதல் பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்ததும், 2010 ஜனவரியில் பரிசு ரத்தானது. அதே போட்டியில் 2017இல் ஒரு பிரிவில் பரிசு வாங்கிய எறும்புதின்னி, பாடம் செய்யப்பட்ட பொம்மை என்று முடிவாகி, அந்தப் பரிசும் 2018இல் பறிபோனது. பரிசு பெரிதாகப் பெரிதாக விலங்கு சிறிதாகிவிடுகிறது.

கேமரா இல்லாத காலத்துப் பிள்ளைகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் 13 வயதில் பட்டுப்புழுக்களை வளர்த்து, அவை உருமாறுவதைக் கவனிக்கத் தொடங்கினார். அது 1660 வாக்கில். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாகப் பிறக்கின்றன என்று பலர் நம்பிய காலம். ஈ மொய்க்காமல் மூடிவைத்த இறைச்சியில் புழு வராது என்று காட்டி, அந்த நம்பிக்கை தவறென்று இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி நிறுவியதே 1668இல்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு முளைத்த பூச்சி, அது தின்னும் செடி என எல்லாவற்றையும் ஒரே தாளில் மேரியன் வரைந்தார். 1699இல், 52 வயதில், மகளையும் அழைத்துக்கொண்டு சூரினாமுக்குக் கப்பலேறியதும் பூச்சிகளை வரையத்தான். நம் பறவையியலாளர் சாலிம் அலியோ சிறுவயதில் துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தவர். ஆண் சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, பெண் குருவி வேறொரு ஆணைச் சேர்த்துக்கொண்டதை அப்போதே குறித்து வைத்திருக்கிறார். சுட்டதற்கு இன்று யாரும் பாராட்டமாட்டார்கள். அந்தக் குறிப்பு மட்டும் பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சில் ஏறியது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த மாதம் அறிவித்திருக்கும் மாணவர் புகைப்படப் போட்டியில், கூட்டுப் படங்களை ஏற்கமாட்டோம் என்று ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது, அந்த உயிர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அரிய பறவையாக இருந்தால் இடத்தின் பெயரை நீங்களே நீக்கிவிட்டு வெளியிடுங்கள். பென்சில் படத்துக்கும் ஒரு பிரிவு வையுங்கள்; முடிக்காமல் விட்ட படங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நேரில் பார்த்து வரையும்போது தாளில் பாதிப் பறவை இருக்கும்போதே பறவை பறந்துவிடும். முழுதாக, மெருகேற்றி வந்த படங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

கட்டுரையில் வந்த அந்தப் பிள்ளையிடம் நோட்டைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கங்களை வெளியிட முடியுமா? அடித்தல் திருத்தல் இருந்தாலும் அப்படியே போடுங்கள். தயவுசெய்து ஓவியரிடம் கொடுத்துத் திருத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்