பாட்டியின் விவாகரத்துத் தீர்ப்பு நகல் தேடித் தராதது: பணத்தைத் திருப்பிக் கேட்டு

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரிதான் வந்தது.

என் பாட்டி 1952-ல் சென்னையில் கோர்ட்டு மூலம் விவாகரத்து வாங்கி, 1954-ல் என் தாத்தாவைக் கட்டிக்கொண்டவர். அந்தத் தீர்ப்பின் நகலும், அதிலிருந்து முதல் கணவரின் பேரும் ஊரும் வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். "பழைய கோர்ட்டு ஆவணம் தேடறதுதான் மேடம் எங்க தொழிலே" என்றீர்கள். நம்பி ரூ.18,500 கட்டினேன்.

ஜூன் மாதம் போனில் பேசிய உங்கள் ஊழியர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்துக்களுக்கு டைவர்ஸே 1955-லதான் மேடம் வந்துச்சு. உங்க பாட்டி சும்மா சேர்ந்து வாழ்ந்திருப்பாங்க. வீட்ல கௌரவத்துக்கு அப்படிச் சொல்லி வச்சிருப்பாங்க." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது.

ஐயா, 1955 இந்துத் திருமணச் சட்டம் மத்திய அரசு கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் 1949-லேயே இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்து தனிச் சட்டம் வந்தாகிவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் கோர்ட்டு குமாஸ்தா. அவருக்கு ஆன செலவு ஒரு டம்ளர் காபி.

அதற்கும் முன்னால், ஏப்ரல் வெயிலில் என்னைக் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பினீர்களே, அதை மறக்க முடியுமா? "நேர்ல போங்க, உடனே கிடைக்கும்." மாம்பலத்தில் ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, ஹைகோர்ட் வளாகத்தில் வழி கேட்டுக் கேட்டுப் போய் நின்றேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "குடும்ப நீதிமன்றச் சட்டமே 1984-லதாம்மா வந்துச்சு. 1952 வழக்கை இங்க தேடச் சொன்னது யாரு?" யாரென்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சம்பளமும் போனது, முழங்கால் வலி இன்னும் போகவில்லை.

முதலில் பணம் வாங்கி ரசீது தந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மரியாதைக்கா பணம் கட்டினேன்? எந்தக் கோர்ட்டு, எந்த வருடப் பதிவேடு, யார் பார்த்தது என்று ஒரு வரிகூட இதுவரை எழுத்தில் வரவில்லை.

பாட்டியின் தங்கைக்கு 91 வயது. தீர்ப்பு வந்த அன்று அவர் அப்பா அரை வீசை அல்வா வாங்கி வந்தது ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளை பேரைக் கேட்டால், "அந்தச் சனியன் பேரைச் சொல்லவே கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டார், அப்படியே மறந்தும் போச்சு" என்கிறார். அவர் இருக்கும்போதே காட்ட நினைத்தேன். மூன்று தலைமுறை மானத்துக்கு என்ன விலை போடுவீர்கள்? ஒரு லட்சம் கேட்டாலும் தகும்.

தயவுசெய்து 15 நாளுக்குள் ரூ.18,500-ஐத் திருப்பி அனுப்புங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணமே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த போன் பேச்சு என்னிடம் பதிவாகி இருக்கிறது.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் வாடிக்கையாளர்

பி.கு.: பாட்டியின் 1954 கல்யாணப் பத்திரிகை அசல் உங்களிடம்தான் இருக்கிறது. மடிக்காமல், அட்டை வைத்து அனுப்பவும்.