மாமியாரை ‘நீ’ என்று அழைப்பது பற்றி

பொலோஞா,
நவம்பர் 18

அன்புள்ள மாலதி,

நீ அனுப்பிய மொழிபெயர்ப்புக் கைப்பிரதி வந்து பத்து நாட்களாகிவிட்டன. மாமியாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது அவர் நலமாக இருக்கிறார். அயர்லாந்திலிருந்து இத்தாலிக்கு வந்து பொலோஞாக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்படும் அந்தப் பெண்ணின் கதையை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் வாழ்க்கைப்பட்ட நான், என் மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்துதான் படித்தேன்.

காதல் காட்சிகள் உன் தமிழில் நன்றாகவே அமைந்திருக்கின்றன. மாமியார் பேசும் இடங்கள்தான் என்னை உறுத்துகின்றன. மூலம் ஆங்கிலம் என்பதால் அதில் எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால் விளிக்கிறார்கள். நீ அதை நம் வழக்கப்படி, மாமியார் வாயில் ‘நீ’ என்றும் மருமகள் வாயில் ‘நீங்கள்’ என்றும் முதல் அத்தியாயத்திலிருந்தே பிரித்துவிட்டாய். இத்தாலிய மொழியில் நெருங்கியவருக்கு ‘து’, மற்றவருக்கு ‘லேய்’. ‘லேய்’ என்பதன் நேர்ப்பொருள் ‘அவள்’. எதிரே நிற்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவதே அங்கே மரியாதை. இப்போதெல்லாம் பல வீடுகளில் மாமியார் முதல் நாளே ‘து’ என்று தொடங்கிவிடுகிறார் என்றாலும், மருமகள் தானாக அந்தச் சொல்லை எடுப்பதில்லை. மூத்தவர்தான் ஒருநாள், “நமக்குள் ‘து’ என்றே பேசிக்கொள்வோம்” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது இரு பக்கமும் செல்லும். மருமகளும் மாமியாரை ‘நீ’ என்பாள், பெயர் சொல்லியும் அழைப்பாள்.

என் மாமியார் அதை இரண்டாவது இரவு விருந்திலேயே சொல்லிவிட்டார். எனக்குத்தான் நாக்கு புரளவில்லை. அம்மாவின் வயதுள்ள ஒருவரை எப்படி ஒருமையில் அழைப்பது? ‘நீ’ என்ற சொல்லை விழுங்கிவிடலாம் என்று பார்த்தால், நம் தமிழைப் போலவே அங்கும் வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஏறத்தாழ ஓராண்டு முழுவதும் வினையே இல்லாத வாக்கியங்களாகப் பேசினேன்: “உப்பு இதோ”, “காப்பி தயார்”. நான் மரியாதை என்று நினைத்துக் காத்த இந்த இடைவெளியை, அவர் விலக்கம் என்று எடுத்துக்கொண்டு மனம் வருந்தியிருக்கிறார். பிறகுதான் என் கணவர் வழியாகத் தெரிந்தது.

அது உடைந்தது ஒரு டிசம்பர் மாலையில். கிறிஸ்துமஸுக்கான தொர்த்தெல்லினி செய்துகொண்டிருந்தோம். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பத்து முட்டை மாவு. அதை மரப்பலகையின் மேல் ஒரு மீட்டர் நீளமுள்ள மாத்தரெல்லோ என்னும் குழவியால், கீழே உள்ள மரத்தின் வரியே தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிப்பார்கள். பிறகு சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் கடலை அளவு பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, சுண்டுவிரல் நுனியைச் சுற்றி முனைகளை ஒட்டுவார்கள். அவர் குழவியை உருட்ட, விளிம்பு கிழியத் தொடங்கியதைக் கண்ட பதற்றத்தில் நான், “பார், கிழிகிறது!” என்று ‘து’வின் விகுதியோடு கத்திவிட்டேன். அவர் கை ஒரு கணம் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை, பலகையைச் சற்று நகர்த்தி, எனக்கு இடம் விட்டார்.

இதனால்தான் சொல்கிறேன், மாலதி: உன் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் கிழவி அந்தப் பெண்ணிடம், ‘து’ என்றே பேசிக்கொள்வோம் என்று சொல்லும் ஒற்றை வரியில்தான் அவள் அந்தக் குடும்பத்துக்குள் வருகிறாள். ஆங்கிலத்தில் அது வெறும் இலக்கணப் பாடம் போலக் கடந்துபோகிறது. ஆங்கிலம் இழந்ததைத் தமிழால் மீட்க முடியும். அதுவரை இருவரையும் ‘நீங்கள்’ என்றே பேச விடு. மருமகள் ‘சிஞோரா’ (அம்மையார்) என்று விளிக்கட்டும். அந்த வரிக்குப் பிறகு, அவள் மாமியாரை ‘நீ’ என்று ஒருமுறையாவது சொல்லட்டும். நம் வாசகர்கள் திடுக்கிடுவார்கள் என்று நீ தயங்குவாய். அவர்கள் திடுக்கிட வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். அந்த அதிர்ச்சியை ஓராண்டு முழுவதும் அனுபவித்தவள் நான்.

மாமியாரைக் கறுப்பு உடையும் செபமாலையுமாக நிறுத்தியிருப்பது மூல ஆசிரியரின் குறை. எழுபதைக் கடந்த பொலோஞாப் பெண் அப்படி இருக்க வேண்டியதில்லை. 1945 முதல் 1999 வரை இடதுசாரிகளே ஆண்ட நகரம் இது. 1950இல் பிறந்த என் மாமியார், பொட்டலமிடும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். மணவிலக்குச் சட்டம் 1970 டிசம்பரில் வந்தபோது அவருக்கு வயது இருபது. அதை நீக்கக் கோரி 1974 மே மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில், நீக்கக் கூடாது என்று வாக்களித்த ஏறத்தாழ 59 விழுக்காட்டினரில் அவரும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று தொர்த்தெல்லினிப் பூரணத்தின் செய்முறையைப் பொலோஞா வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்தார்கள்: பன்றியின் முதுகுத்தசை, உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான புரோஷூட்டோ, பன்றித் தொத்திறைச்சியான மொர்த்ததெல்லா, பர்மிஜானோ பாலாடைக்கட்டி, முட்டை, சாதிக்காய். வாக்கெடுப்பைப் பற்றியும் சாதிக்காயின் அளவைப் பற்றியும் அவர் ஒரே உறுதியோடு பேசுவார். ஒன்பதாம் அத்தியாயத்தில் தொர்த்தெல்லினியைத் தக்காளிக் குழம்பில் போட்டிருக்கிறார்கள். இங்கே அது இறைச்சிச் சாற்றில்தான். பதிப்பகம் வழியாக ஆசிரியரைக் கேட்டுத் திருத்திவிடு.

திருமண அத்தியாயத்தில் ஒரு பிழை உன்னுடையது. ‘கான்ஃபெட்டி’யைக் காகிதத் துணுக்குகள் என்று எழுதி, அவற்றை வெண்ணிறப் பையில் கட்டி விருந்தினருக்குக் கொடுத்ததாக வைத்திருக்கிறாய். இத்தாலியில் ‘கொன்ஃபெத்தி’ என்பது சர்க்கரை பூசிய பாதாம். பைக்கு ஐந்து வைப்பார்கள், உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் என்று. காகிதத் துணுக்குக்கு அவர்கள் சொல்வது ‘கொரியாந்தொலி’. முன்பு திருவிழாவில் சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதைகளை வீசியதால் வந்த பெயர் அது. நம் வீட்டுக் கொத்தமல்லி அங்கே இப்படி ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

மூலத்தில் விடுபட்ட ஒன்றும் உண்டு. இங்கே திருமணத்தில் குடிமைச் சட்டத்தின் 143, 144, 147ஆம் பிரிவுகளை உரக்கப் படிப்பார்கள்; தேவாலயத் திருமணத்திலும் பாதிரியார் படிப்பார். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே உரிமைகள், ஒரே கடமைகள் என்று தொடங்கி, பிள்ளைகளை அவர்களுடைய திறமையையும் இயல்பான நாட்டத்தையும் விருப்பத்தையும் மதித்து வளர்க்க வேண்டும் என்பது வரை வரும். நகராட்சி மண்டபத்தில், மூவண்ணப் பட்டை அணிந்த அதிகாரி அதைப் படித்தபோது நான் அழுதேன். உன் பின்னுரையில் இதைப் பற்றி இரண்டு வரி எழுது.

இறுதியாக, பதினான்காம் அத்தியாயத்தில் அவளுடைய இத்தாலிய அடையாள அட்டையில் கணவனின் குடும்பப்பெயர் வருகிறது. அது நடக்காது. 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தின்படி மனைவி தன் பெயரை இழப்பதில்லை. கணவனுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆவணங்களில் எல்லாம் பிறந்த வீட்டுப் பெயரே நிற்கும். திருமணத்தோடு உன் முன்னெழுத்து மாறியதும், சான்றிதழ்களைத் திருத்த நீ அலைந்ததும் நினைவுக்கு வந்தன. எங்கள் வீட்டு அழைப்பு மணிப் பலகையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டாவது என் அப்பாவுடையது.

மீதி ஆறு அத்தியாயங்களை டிசம்பர் 15க்குள் அனுப்ப முடியுமா? 20ஆம் தேதி மாவு பிசைகிறோம். ஐயமுள்ள இடங்களை மாமியாரிடமே கேட்டு எழுதிவிடுவேன்.

உன்,
சாந்தி