தூக்குவாளி

அம்மாவைப் பத்திரமாக ஊர் சேர்த்த எல்லோருக்கும்,

நேற்றிரவு வந்து சேர்ந்தோம். அம்மா நலம். ரயிலில் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. கீழ்ப்படுக்கையை விட்டுக்கொடுத்த குடும்பம், வேராவலில் தூக்கி இறக்கிய போர்ட்டர்கள், நள்ளிரவில் வந்து பார்த்த மருத்துவர், தொலைபேசியில் வழி சொன்ன முன்னாள் கடற்படைக்காரர்கள், "இந்த வயதில் எதற்கு?" என்று திட்டிக்கொண்டே பணம் கொடுத்த சித்தப்பா, எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தவர் குஜராத் கரையோரத் தீவான டையூவில், குக்ரி போர்க்கப்பலின் நினைவிடத்தின் அருகே டீ விற்பவர். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

அன்று டிசம்பர் 9. 1971 போரில் அதே தேதி இரவில்தான் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் டார்பிடோ பாய்ந்து, சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். அப்பா என்ஜின் அறையில் இருந்தார். நான் ஏழு மாதக் குழந்தை. கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த சிறிய கப்பலை அம்மா வெகுநேரம் பார்த்தாள். கேப்டன் முல்லா தன் உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனதை யாரோ சொன்னார்கள். அவரை நினைத்துக் கும்பிட்டாள். பிறகு, "மேலே நின்றவரைப் பார்க்க ஆள் இருந்தது. கீழே இருந்தவர்களை யார் பார்த்தார்கள்?" என்றாள். நான் என்ன சொல்ல?

கடலில் பால் விட வேண்டும் என்றாள். பூவும் சூடமும் கொண்டுபோன நான் பாலை மறந்திருந்தேன். அம்மா டீக்கடைக்காரரிடம், பம்பாய்க் குடியிருப்பில் அந்நாளில் கற்ற இந்தியில் "தூத்" என்று சொல்லிக் கடலைக் காட்டினாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்ததைத் தொடாமல், பலகைக்கு அடியில் இருந்த பச்சைப் பால் முழுவதையும் ஒரு தூக்குவாளியில் ஊற்றினார். டீக்கு நின்ற இருவரைக் கையசைத்து அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்தார். செருப்பைக் கழற்றி வைத்து, "மாஜி" என்று அம்மாவின் கையைப் பிடித்து மணலில் இறக்கினார். அலை கால் நனைக்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை. நான் பணம் நீட்டியபோது என் விரல்களை மடக்கி மூடிவிட்டார்.

அந்தத் தூக்குவாளி எங்கள் பையோடு வந்துவிட்டது. அம்மா புளி போட்டுத் துலக்கி, அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. முறுக்கா, அதிரசமா என்று காலையிலிருந்து யோசனை நடக்கிறது. சித்தப்பா, மன்னியுங்கள், அடுத்த டிசம்பருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.