இடது பக்கம் பார்த்து நிற்காதே

பாப்பா,

துபாயிலிருந்து நீ அனுப்பிய கோல்ஃப் வீடியோவை நேற்று ராத்திரி ஏழெட்டு தடவை பார்த்தேன். பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி தூரத்தில் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. அதற்கு ஈடுகட்ட நீ இன்னும் இடது பக்கம் திரும்பி நிற்கிறாய், அதை முதலில் விடு. அப்படி நின்றால் மட்டை பந்துக்கு வெளியிலிருந்து உன் பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும், வளைவு கூடத்தான் செய்யும்.

கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்கும் கேடியாக நான் இருந்தபோது மஞ்சு இறங்கிய காலைகளில் பந்து போன இடமே தெரியாது, அடிபட்ட சத்தத்தை வைத்துத்தான் தேடப் போவோம். உன் வீடியோவில் மட்டை பந்தை உரசுகிற சத்தம் கேட்கிறது.

மட்டை போகும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று அப்போது எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பந்து போவதை அளக்கும் ரேடார் கருவிகள் வந்த பிறகுதான் அது தப்பு என்று பரவலாகத் தெரிந்தது. அடிபடும் நொடியில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், எங்கே பார்க்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பந்து கிளம்புகிறது. அந்த முகம் பாதையோடு ஒத்துப்போகாவிட்டால் வளைகிறது. உனக்கு மட்டையின் முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருக்கிறது.

காரணம் உன் இடது கை. மேலிருந்து பார்த்தால் ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரிகிறது, கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி இரண்டு, இரண்டரை முட்டி தெரிகிற மாதிரி பிடி. மட்டை உள்ளங்கையில் இல்லாமல் விரல்களில் கிடக்கட்டும், ஈரத்துணி பிழிகிற மாதிரி இறுக்காதே. ஆரம்பத்தில் பந்து இடது பக்கமாகப் பறக்கும், பயந்து பழைய பிடிக்குப் போய்விடாதே அம்மா. அதற்குப் பிறகு பாதையைச் சரிசெய்யலாம்: பந்துக்கு வெளிப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதில் படாமல் அடித்துப் பழகு. கீழே வரும்போது தோள் முந்தக் கூடாது, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும்.

தூரமாக அடிக்கிற பெரிய மட்டையான டிரைவரை ஒரு மாதம் தொடாதே. அதன் முகத்தில் சாய்வு குறைவு, அதே தப்பு அதில் பெரிதாக வளையும். 7 அயர்ன் என்கிற இரும்பு மட்டையை எடுத்து பாதி ஸ்விங்கில் தினம் முப்பது பந்து போதும்.

அப்புறம், அடுத்த வீடியோவை முன்னால் நின்று எடுக்க வேண்டாம், பாதை தெரியவில்லை. உனக்குப் பின்பக்கம், இலக்கை நேராகப் பார்க்கிற மாதிரி, கை உயரத்தில் போனை வைத்து எடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அப்பா