‘பத்தே நிமிடம்’ சரி, பிரிண்டரை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததை ஒட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுங்கள் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் ‘லினக்ஸ் மின்ட் போட்டால் பத்தே நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது’ என்று ஒரு வரி வருகிறதே, அதை எழுதியவர் வீட்டில் பிரிண்டர் கிடையாது போலிருக்கிறது.

வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் ஃபைல்கள் காப்பியாக அவ்வளவு நேரம்தான், மறுக்கவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டாமா? விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர் முதலில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸை வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக ஷட் டவுன் ஆகாது. அப்போது லினக்ஸிலிருந்து டி டிரைவைப் படிக்கலாம், எழுத முடியாது. சில லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்கில் ஸ்டோரேஜ் ‘ஆர்எஸ்டி’ என்ற இன்டெல் முறையில் இருக்கும், இன்ஸ்டாலர் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாது. அதை நேரே ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்பும்படி வைத்துவிட்டு மாற்ற வேண்டும். பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதற்காக அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிமோஸ் பேட்டரியை மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பிரிண்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் எந்த மாடல் நிற்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. கேனன் எல்பிபி 2900, இல்லையென்றால் எச்பி லேசர்ஜெட் 1020. எச்பி 1020-ஐ ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்கு ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, அனுப்ப வேண்டும். அந்த ஃபர்ம்வேர், லினக்ஸுக்கான எச்பி டிரைவர் தொகுப்பான எச்பிலிப்போடு வராது, தனி பிளகின்னாக இறக்க வேண்டும். அப்டேட்டில் எச்பிலிப் வெர்ஷன் மாறினால் பிளகின்னையும் மறுபடி போட வேண்டும். நேற்று வரை அச்சடித்தது இன்று ஊமையாக நிற்பது இதனால்தான். கேனன் 2900 இன்னும் மோசம். அது பேசுவது கேப்ட் என்ற கேனனின் சொந்த பாஷை. கேனன் தந்த டிரைவரோடு 32 பிட் லைப்ரரிகளும் வேண்டும், பின்னணியில் தனியாக ஒரு சர்வீஸும் ஓட வேண்டும். இதில் எது பத்து நிமிடத்தில் அடங்குகிறது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தமிழ்99 கீபோர்டு முறைக்கு ஐபஸ் எம்17என் என்ற மென்பொருளைப் போட்டு, லாக் அவுட் செய்து வந்தால்தான் பட்டியலில் வரும். வானவில் ஃபான்ட்டில் அடித்த பழைய கடிதங்கள் அந்த ஃபான்ட் ஃபைலைக் கொண்டுவந்து போடும்வரை குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸின் லதா ஃபான்ட்டில் அடித்த ஒரு பக்க மனு, வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபீஸில் வேறு ஃபான்ட்டுக்கு மாறி இரண்டாம் பக்கத்துக்கு வழியும். கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்கு மட்டும்தான். அதை நம்பி இருக்கும் கடைக்காரருக்குத் தங்கள் யோசனை என்ன?

நான் லினக்ஸ் விரோதி அல்ல. அதை ஏற்றித் தருவதே என் பிழைப்பு. ‘சுலபம்’ என்று நம்பிப் போட்டவர் மூன்றாம் நாள் திட்டுவது தங்கள் இதழை அல்ல, லினக்ஸை. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் இதே கதைதான். விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. கேரளப் பள்ளிகளில் உபுண்டு என்ற லினக்ஸை மலையாளத்தோடு சேர்த்துத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்ததால் அங்கே ஓடுகிறது. அதைப் பற்றியெல்லாம் எழுதத் தங்களுக்கு இடமிருக்காது. பத்து நிமிட அதிசயங்களுக்கு மட்டும் முழுப் பக்கம் உண்டு.

முன்பொரு முறை லினக்ஸின் டெர்மினல் திரையில் தட்டச்சு செய்யும் கட்டளைகளை அச்சிட்டீர்கள். அடுத்தடுத்து இருக்க வேண்டிய இரண்டு சிறு கோடுகளை லேஅவுட்டில் ஒரே நீளக் கோடாக்கி, நேர் மேற்கோள் குறிகளை வளைத்துவிட்டிருந்தீர்கள். அப்படியே அடித்தவர்களுக்கெல்லாம் எரர்தான் வந்திருக்கும். திருத்தம் வெளியிடச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை.

இப்போதும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டி போதும்: முதலில் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டி வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிட்டு, பிறகு இன்ஸ்டால் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். கட்டளை எதுவும் சேர்ப்பதாக இருந்தால், கோடுகளில் கை வைக்க வேண்டாம் என்று லேஅவுட் செய்பவரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்