பயணம் புறப்படும் ஆங்கில வினைகளை வேறு வரிசையில் தாருங்கள்

ரஷ்ய மொழி பேசுவோருக்கான ஆங்கிலப் பாடநூல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், பயணத் தொடக்கத்தைக் குறிக்கும் ஃப்ரேசல் வெர்புகளை, அதாவது வினையும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்த ஆங்கிலத் தொடர்களைப் பாடநூல்கள் அடுக்கும் முறை குறித்து இம்மடலை எழுதுகிறேன். 'செட் ஆஃப்', 'செட் அவுட்', 'ஹெட் ஆஃப்' ஆகிய மூன்றுக்கும் எதிரே 'ஒத்பிராவித்ஸ்யா' (புறப்படுதல்) என்ற ஒரே ரஷ்யச் சொல்லை எழுதிவிட்டு, மீதியை மாணவரின் மனப்பாடத்துக்கு விட்டுவிடுவது முறையன்று. அகரவரிசைப்படி அடுக்குவதால், வீட்டிலிருந்து கிளம்புவதும் அபாயமணியை அலறவைப்பதும் 'செட் ஆஃப்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்து நிற்கின்றன.

இத்தனைக்கும் வினையோடு ஒரு சிறு உறுப்பைச் சேர்த்துப் பொருளை மாற்றும் ஏற்பாடு ரஷ்ய மாணவர்களுக்குப் புதிதே அல்ல. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஒரு சிறுசொல்லை வைத்துச் சொல்வதை, ரஷ்ய மொழி வினையின் முன்னொட்டால் சொல்லிவிடுகிறது. வாகனத்தில் செல்வதைக் குறிக்கும் 'யேஹத்' என்ற வினையோடு 'பொ' சேர்ந்தால் புறப்படுதல். 'வி' சேர்ந்தால் ஓரிடத்திலிருந்து வெளியே வருதல். 'உ' சேர்ந்தால் அவ்விடத்தை விட்டே போய்விடுதல். 1961 ஏப்ரல் 12 அன்று வஸ்தோக்-1 விண்கலம் கிளம்பியபோது விண்வெளி வீரர் யூரி ககாரின் சொன்ன 'பொயேஹலி' (கிளம்பினோம்) என்ற சொல்லை அறியாத ரஷ்யர் இருக்க மாட்டார். அதையே ஓர் ஆங்கிலேயர் 'ஆஃப் வீ கோ' என்று சொல்லக்கூடும். அங்கே 'ஆஃப்' செய்யும் வேலையை இங்கே 'பொ' செய்கிறது. இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் செல்லாது என்பதை அறிவேன். ஆனாலும் பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

விமானப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் தரையை விட்டு மேலெழுவதற்கு ஒரு வினையும், பயணி ஊரிலிருந்து விமானத்தில் கிளம்புவதற்கு வேறொரு வினையும் ரஷ்ய மொழியில் உண்டு. முன்னதுதான் 'டேக் ஆஃப்'. பின்னதாகிய 'விலெதெத்', முன்னொட்டு முதற்கொண்டு 'ஃப்ளை அவுட்' என்பதோடு பொருந்துகிறது. இந்த வேறுபாட்டைக் காட்டாததால்தான், நாளை மாஸ்கோவிலிருந்து கிளம்பும் மாணவர், தாமே விமானம் என்பதுபோல் 'ஐ டேக் ஆஃப் டுமாரோ' என்று எழுதுகிறார்.

ஏறுவதிலும் இதே சிக்கல். கார், பேருந்து, ரயில் எதுவானாலும் 'உள்ளே உட்கார்வது' என்பதே ரஷ்ய வழக்கம். ஆங்கிலத்திலோ காருக்கும் டாக்சிக்கும் 'கெட் இன்'. எழுந்து நடமாட இடமுள்ள பேருந்து, ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்'. இந்தக் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொல்லும் நூல்கள் அரிது.

ஆகவே அடுத்த பதிப்பில் இவ்வினைகளைப் பயணம் நடக்கும் வரிசையிலேயே, வீட்டு வாசல், வாகனம், நடைமேடை, ஓடுதளம் என்று அமைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதற்கு நெருங்கிய ரஷ்ய முன்னொட்டைக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'சீ ஆஃப்' மட்டும் தனிப் பயிற்சிக்கு உரியது. ரஷ்ய மொழியின் 'ப்ரொவொதித்' வழியனுப்புவதையும் வீடுவரை துணைக்குச் செல்வதையும் சேர்த்தே குறிக்கும். 'சீ ஆஃப்' வழியனுப்புவதோடு நின்றுவிடும். அதோடு, 'சீ ஹிம் ஆஃப்' என்பதில் 'ஹிம்' நடுவில்தான் வரவேண்டும். முன்னொட்டுக்கும் வினைக்கும் இடையே எதையும் நுழைக்க இடந்தராத மொழியிலிருந்து வருபவருக்கு இது எளிதில் பழகாது. இதற்குக் கூடுதலாகச் சில பக்கங்களை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்