‘ரூட்டு தல’ மோகத்துக்கு எத்தனை உயிர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் தாக்கியதில், மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது மாணவர் உயிரிழந்தார். இதைக் கல்லூரிப் பகை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2019-இல் அரும்பாக்கத்தில் 29இ பேருந்தில் பட்டாக்கத்தியோடு புகுந்தவர்களும், வெட்டுப்பட்டவர்களும் ஒரே கல்லூரி. பேருந்துத் தடம்தான் வேறு! ஒவ்வொரு பேருந்து, ரயில் தடத்திலும் சேர்ந்து வரும் மாணவர் கும்பலின் தலைவனைத்தான் ‘ரூட்டு தல’ என்கிறார்கள்.

திருத்தணி, கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில்களில் வருவோருக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு, பெட்டியைத் தட்டி, கல்லூரிப் பெயரைக் கத்துவார்கள். முதல் வருடம் சேரும் பையன் அந்தக் கும்பலில் நிற்காவிட்டால் கோழை என்று பெயர். படிப்பிலோ வேலையிலோ கிடைக்காத மரியாதை அவனுக்கு ‘தல’ பட்டத்தில் கிடைக்கிறது. வேதனை என்னவென்றால், இவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். ஒரு கொலை முயற்சி வழக்கு போதும். போலீஸ் வெரிஃபிகேஷனில் அரசு வேலைக் கனவு நின்றுவிடும். கூலிவேலை பார்க்கும் பெற்றோர் கோர்ட்டுக்கு அலைவார்கள்.

கல்லூரி திறக்கும் நாளில் மட்டும் ரயில் நிலையத்தில் காவலர்களை நிறுத்தினால் போதாது. படிப்பு முடித்த பிறகும் பையன்களை ஏவிவிடும் பழைய ‘தல’களைக் காவல்துறை முதலில் கண்டறிய வேண்டும். முதலாண்டு மாணவர்களின் பெற்றோரைச் சேர்க்கை நாளிலேயே கல்லூரிகள் அழைத்துப் பேச வேண்டும்.

- ஒரு வாசகர், திருநின்றவூர்